மணவிலக்கும் வருமான வரியும் (இந்தியா)

இந்தியாவில் கணவனும் மனைவியும் தனித்தனி வரிதாரர்கள். இருவரும் சேர்ந்து ஒரே கணக்குத் தாக்கல் செய்யும் முறை இங்கே இல்லை. எனவே மணவிலக்கால் ஒருவரின் வரி விகிதம் மாறாது. கைமாறும் பணமும் சொத்தும் யார் கணக்கில் சேரும் என்பதே மாறும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் (2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம்) ஜீவனாம்சத்துக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டின. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த பாகுபாடு இன்றும் எடுத்தாளப்படுகிறது: மாதாமாதம் வருவது வருவாய், அதற்கு வரி உண்டு, ஒரே தொகையாகப் பெறுவது மூலதன வரவு, அதற்கு வரி இல்லை.

கொடுப்பவருக்கோ இரண்டிலும் வரிக்கழிவு இல்லை. சம்பளத்தில் ஒருமுறை வரி கட்டிய பணத்துக்கே, பெறுபவர் மறுபடி கட்ட நேரலாம். மொத்தத் தொகை தர வசதியில்லாத கணவரிடமிருந்து மாதப் பணம் வாங்கும் பெண்ணுக்கு இது நியாயமானதல்ல. மாதம் ₹25,000 என்றால் ஆண்டுக்கு ₹3 லட்சம். வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய வரி முறையில் வரி வராது. சுமை விழுவது, நல்ல சம்பளத்தோடு ஜீவனாம்சமும் பெறுபவர் மீது.

சொத்து விஷயத்தில் தேதி முக்கியம். மண உறவு நீடிக்கையில் கணவர் மனைவிக்கு இனாமாகத் தந்த சொத்தின் வருமானம் கணவர் கணக்கிலேயே சேர்க்கப்படும். பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின்படி தந்ததற்கு இந்த விதி பொருந்தாது. சொத்து கைமாறும்போதும் வருமானம் வரும்போதும் இருவரும் தம்பதியாக இருந்தால்தான் சேர்க்க முடியும் என்று பிலிப் ஜான் பிளாஸ்கெட் தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. விவாகரத்துத் தீர்ப்புக்குப் பின் முன்னாள் துணை, சட்டத்தின் கண்ணில் 'உறவினர்' அல்லர். நீதிமன்ற உத்தரவில் இல்லாமல் அவர் பிறகு விரும்பித் தரும் பணம் முதலிய அன்பளிப்புகள் ஓராண்டில் ₹50,000ஐத் தாண்டினால், முழுத்தொகையும் பெறுபவரின் வருமானமாகும்.

மைனர் குழந்தையின் பெயரில் உள்ள வைப்புத்தொகை வட்டி போன்றவை, மண உறவு இருக்கும்வரை பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். முறிந்தபின், அந்த ஆண்டில் குழந்தையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும்.