ஸ்டேஷன் வேகன் வந்த கதை

ஸ்டேஷன் வேகன்ங்கிற பேரே ரயில் ஸ்டேஷனாலதான் வந்தது. அமெரிக்காவில் ரயிலடியில் இறங்குற ஆளையும் பெட்டியையும் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போன குதிரை வண்டிதான் இதுக்கு மூலம். நம்ம கூண்டு வண்டி மாதிரின்னு வச்சுக்குங்க. 1929இல் ஃபோர்டு கம்பெனி மாடல் ஏ காருக்கு மரத்தில் கூடு கட்டி இதை விற்றது.

நம்ம நாட்டில் 1992இல் டாடா எஸ்டேட் வந்தது. டாடாமொபைல் பிக்கப்போட சேஸ், 1948 சிசி டீசல் இன்ஜின். பாரம் தாங்கும். ஆனா டிக்கி தனியா நீட்டிக்கிட்டு இருந்தாதான் நம்ம ஜனத்துக்கு அது கார். அதனாலதானோ என்னவோ, 1999இல் மக பொறந்தப்ப ஒரு பழைய எஸ்டேட் என் கைக்கு எட்டுற விலையில் கிடைச்சது.

அந்தக் குதிரை வண்டி காலத்துக் குணம் இதில் அப்படியே இருக்கு: சரக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் சுவர் கிடையாது. பின்கதவு ரப்பர் போயிருந்தா டீசல் புகை நேரா தூங்குற குழந்தைகிட்ட வரும். பார்க்கிற வண்டியில எல்லாம் ஒரு காகிதத்தை வச்சு பின்கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். ரெண்டு வண்டியில் சுலபமா உருவிக்கிட்டு வந்துச்சு. மூணாவதில் கிழிஞ்சது. அதைத்தான் வாங்கினேன்.

உர மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டித்தான் ஏத்துவேன். பூச்சி மருந்து மட்டும் எப்பவும் டி.வி.எஸ். 50லதான் வரும்.