வெள்ளிக்கிழமைத் தாளும் காலை பிரேயரும்

என் தங்கை அயர்லாந்தில் செவிலியர். அவள் மகள் படிப்பது டப்ளினுக்கு வெளியே உள்ள ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் செய்திமடல் வரும். தங்கை அதை அப்படியே எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவாள். நீச்சல் வகுப்புக்குத் துண்டு கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதாத ஸ்வெட்டர்கள் அலுவலகத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆறாம் வகுப்பு கேலிக் கால்பந்தில் ஜெயித்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் இன்ன சனிக்கிழமை புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. காலமான ஒரு பாட்டிக்காகச் செபியுங்கள். எல்லாம் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில் இருக்கும்.

நான் படித்தது தென்மாவட்டத்தில் ஓர் ஆர்.சி. பள்ளி. எங்களுக்குத் தாள் எல்லாம் கிடையாது. செய்தி என்றால் காலை பிரேயர்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், ஒரு குறளும் அதன் பொருளும், அப்புறம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தினசரியிலிருந்து எழுதிவந்த நான்கு செய்திகளை மூச்சுவிடாமல் வாசிக்கும். கடைசியாகத் தலைமையாசிரியை சிஸ்டர் பள்ளிச் செய்தி சொல்வார். அம்மை போட்டிருந்தால் பள்ளிக்கு வர வேண்டாம். சத்துணவுக்குத் தட்டு கொண்டுவராதவர்கள் கையைத் தூக்குங்கள். நாளைக்கு முதல் வெள்ளி, கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகக் கோயிலுக்கு வர வேண்டும்.

"கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும்." இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தச் சொற்கள்தான். தங்கை அனுப்பும் தாளில் இவற்றை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அங்கே இரண்டாம் வகுப்பு என்றாலே புதுநன்மை வகுப்பு. மட்டும் என்று சொல்ல வேண்டிய தேவை நீண்ட காலம் அங்கே வரவே இல்லை.

அதற்கு வரலாறு இருக்கிறது. 1831-ல் ஸ்டான்லி என்ற அமைச்சர் எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான் அயர்லாந்தின் தேசியப் பள்ளிகள் பிறந்தன. எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும், சமயபாடம் மட்டும் தனித்தனியாக நடக்கட்டும் என்பதே அந்தக் கடிதத்தின் எண்ணம். ஆனால் போகப்போக ஒவ்வொரு சபையும் தன் தன் பள்ளியைக் கையில் வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே தொடக்கப்பள்ளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பதுக்கு ஆயரே புரவலர். சம்பளம் அரசு தருகிறது, பள்ளியின் குணத்தைத் திருச்சபை தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசு உதவி பெறும் ஆர்.சி. பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசுப் பணம்தான். தாளாளர் நாற்காலியில் பங்குத்தந்தையோ சிஸ்டரோ இருப்பார். இந்த அளவில் இரண்டும் ஒரே அச்சு. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லாச் சபைகளையும் சேர்த்தே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். கடற்கரை ஊர்களை விட்டுவிட்டால், பல ஆர்.சி. பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் வேறு சமயத்தவர். அயர்லாந்திலோ, 2016-ல் 79 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் 2022 கணக்கெடுப்பில் 69 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள். குறைந்தும் அவ்வளவு.

இரண்டு பள்ளிகளுக்கும் இடையே ரத்த உறவும் உண்டு. கத்தோலிக்கர் பள்ளி நடத்தவே கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில் கார்க் நகரத்தின் சந்துகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மறைவாகப் பள்ளி வைத்தவர் நானோ நேகிள். 1775-ல் அவர் தொடங்கிய பிரசன்டேஷன் சபையின் கன்னியர் 1842-ல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். சர்ச் பார்க் என்று ஊரே சொல்லும் பள்ளி 1909-ல் அவர்கள் வைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஐரிஷ் வேர் என்று சொல்லிவிட முடியாது. அதே நூற்றாண்டில் தெற்கே மதுரை மிஷனுக்கு வந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். இருந்தாலும் ஒளிந்து படித்த ஒரு மக்கள் கூட்டம் கடல் கடந்து வந்து, தன் சமயத்தைச் சேராத பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தது என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

இனி புதுநன்மைக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு ஏழு வயதை ஒட்டியே நற்கருணை தரலாம் என்று 1910-ல் வழி திறந்துவிட்டவர் திருத்தந்தை பத்தாம் பயஸ். அயர்லாந்து அந்த வயதைப் பள்ளியின் இரண்டாம் வகுப்போடு முடிச்சுப் போட்டுவிட்டது. நெடுங்காலம் நாளுக்கு அரைமணி நேரம் சமயபாடம். அதை எடுப்பவர் கணக்கும் ஆங்கிலமும் எடுக்கும் அதே வகுப்பாசிரியர். தவக்காலத்தை ஒட்டி முதல் பாவசங்கீர்த்தனம், மே மாதச் சனிக்கிழமையில் புதுநன்மை. வெள்ளை கவுன், பையன்களுக்குக் கோட்டு, வாழ்த்து அட்டைக்குள் பணம் வைத்துக் கொடுக்கும் உறவினர்கள். அங்கே படம் வரைந்தும் கதை சொல்லியும் பேசவிட்டும்தான் சொல்லித்தருகிறார்கள். பெற்றோரையும் வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள். தங்கை மகள் சிலுவை அடையாளத்தை ஐரிஷ் மொழியிலும் போடுவாள். தன் மொழியைப் பறிகொடுத்துப் பாதி மீட்டெடுத்த ஒரு நாட்டில், அந்த மொழியின் சில வாக்கியங்களாவது குழந்தையின் நாவில் நிற்பது செபத்தாலும்தான் என்பது எனக்கு மனத்தை நெகிழ வைக்கும் விஷயம்.

எங்கள் ஊரில் புதுநன்மை பள்ளியின் வேலை இல்லை, பங்கின் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி, மே விடுமுறையில் தினமும் வகுப்பு. சொல்லித்தருபவர் சிஸ்டராக இருக்கலாம், உபதேசியாராக இருக்கலாம், கல்லூரிக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். கடைசியில் பங்குத்தந்தை முன்னால் மந்திரம் ஒப்பிக்கும் பரீட்சை. அன்று கோயிலில் மெழுகுவர்த்தியோடு நின்ற எங்கள் வரிசையில் அரசுப் பள்ளிப் பிள்ளை, மெட்ரிக் பள்ளிப் பிள்ளை, நான் என்று எல்லாரும் கலந்து நின்றோம். அயர்லாந்தில் அந்த வரிசை ஒரு வகுப்பின் வரிசை. இங்கே அது ஊரின் வரிசை.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லித்தந்த முறையில் அன்பு குறைவு. பத்துக் கட்டளைகளில் ஏழாவதும் எட்டாவதும் எனக்கு மாறிப்போய்விட்டதற்காக ஒரு பாடவேளை முழுக்க முழங்காலில் நின்றிருக்கிறேன். கடவுள் என்னைத் தேடி வருகிறார் என்று சொல்லவேண்டிய வகுப்பில், மறந்துபோகாதே என்பதைத்தான் நான் கற்றேன். தங்கை மகள் வரைந்த நல்லாயன் படத்தைப் பார்க்கும்போது, இந்த ஒரு காரியத்தில் அவர்கள் நம்மைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள் என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும்.

தங்கை மகளின் வகுப்பில் ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். புதுநன்மைக்கு முந்திய மாதங்களில் வகுப்பே கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகும். அவனைத் தனியாகப் பள்ளியில் விட்டுவிட்டு வர ஆள் இல்லை. அவனும் போவான், பின் பெஞ்சில் ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். தங்கை மகள் போனில் சொன்னாள்: "பெரியம்மா, அவன் எங்க எல்லாரையும்விட நல்லா பாடுவான். ஆனா அவன் பாட வேண்டாம்னு அவங்க அம்மா எழுதிக் குடுத்துட்டாங்க."

அந்த அம்மா மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது அவர் உரிமை. அயர்லாந்தின் 1937 அரசமைப்பு, அரசுப் பணம் பெறும் பள்ளியில் சமயபாடத்தில் உட்காராமலேயே படிக்கும் உரிமையை எந்தப் பிள்ளைக்கும் உறுதி செய்கிறது. நம் அரசமைப்பின் 28-ஆம் பிரிவும், அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமயபாடத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. சட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வகுப்பறையில்தான் வேறுபடுகின்றன. தங்கை மகளின் ஆசிரியை கனிவானவர்; பயிற்சி முடிந்ததும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைக்கும் பொறுப்பை அந்தப் பையனுக்கே கொடுத்திருக்கிறார். ஆனாலும் பயிற்சி நடக்கும்போது அவனுக்கு உரிமை இருக்கிறது, செய்ய வேலை இல்லை. விலகி இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, விலகி எங்கே போவது என்று சொல்வதில்லை.

எங்கள் பள்ளியில் சமயபாட வேளைக்கு மணி அடித்தவுடன் பெஞ்சுகளில் இடமாற்றம் நடக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு ஓர் அறை, மற்றவர்கள் நன்னெறிக்கு இன்னோர் அறை. இரண்டுக்கும் ஆசிரியர் உண்டு, நோட்டு உண்டு. என் பக்கத்து இடத்துத் தோழி நன்னெறிக்குப் போவாள். அங்கே கதை சொல்வார்கள் என்று எனக்கு அவள் மேல் பொறாமைகூட உண்டு. அவள் எதிலிருந்தும் விலக்கப்படவில்லை, அவளுக்கு ஒரு வகுப்பு இருந்தது. இந்த எளிய ஏற்பாட்டை நாம் பெரிதாக மதிப்பதில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் காவு கொடுப்பது நன்னெறி வகுப்பைத்தான். கணக்கு மிஸ் வந்து உட்கார்ந்துகொள்வார். அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும், உனக்கென்று ஓர் அறை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம்.

சேர்க்கை நாளில் கொண்டுபோகும் காகிதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அயர்லாந்தில் இடம் குறைவாக இருந்த ஊர்களில் ஞானஸ்நானச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கே முன்னுரிமை தரப் பள்ளிகளுக்கு அனுமதி இருந்தது. இடம் கிடைப்பதற்காகவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பெற்றோரைப் பற்றி நாட்டில் பெரும் வாதம் நடந்தது. 2018-ல் வந்த சேர்க்கைச் சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் அதை நிறுத்தியது. நல்லது நடந்தது என்றே நினைக்கிறேன். இடத்துக்காகத் தலையில் ஊற்றும் தண்ணீரில் யாருக்கு என்ன நிறைவு?

நம் பக்கத்துக் காகிதம் சாதிச் சான்றிதழ். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான தலித் பிள்ளை பட்டியல் சாதியில் வர முடியாது. தமிழ்நாட்டில் அதைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எழுதுகிறார்கள். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே பெஞ்சு. ஒரு பிள்ளைக்குப் பட்டியல் சாதி இடஒதுக்கீடு உண்டு, மற்றதற்கு இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த அந்தக் கதவு இந்தப் பிள்ளைக்கு இன்னும் மூடியே இருக்கிறது. அயர்லாந்தில் விசுவாசம் இடம் வாங்கித் தந்தது, இங்கே இந்தப் பிள்ளைக்கு அது இருந்ததையும் எடுத்துக்கொண்டது. இதை எந்தப் பள்ளியின் காலை பிரேயரிலும் நான் கேட்டதில்லை. செபத்தில் சேர வேண்டிய செய்தி இது.

சோற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டு அரசின் காலை உணவுத் திட்டம் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்த நாள் 2024 ஜூலை 15. தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது 2025 ஆகஸ்ட் 26, மயிலாப்பூரில் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள். அயர்லாந்து அரசு சூடான மதிய உணவைச் சோதனை முறையில் தொடங்கியதே 2019-ல்தான். தவக்காலம் வந்தால் அங்கே பிள்ளைகள் கையில் 'ட்ரோக்கரா' நிறுவனத்தின் அட்டைப்பெட்டி உண்டியல் இருக்கும். தூரத்து நாட்டின் பசிக்காகக் காசு சேர்ப்பார்கள். பசியை நம் பிள்ளைகள் அவ்வளவு தூரத்தில் பார்ப்பதில்லை.

மீண்டும் புதுநன்மைக்கு வருகிறேன். டப்ளின் உயர்மறைமாவட்டம் இப்போது புதுநன்மைத் தயாரிப்பைப் பள்ளியிடமிருந்து பங்குக்கும் குடும்பத்துக்கும் மாற்றிக்கொள்ள முயல்கிறது. ஞாயிறு பூசைக்கு வராத குடும்பங்களின் பிள்ளைகளையும் நம்பிக்கை குறைந்த ஆசிரியர்களையும் வைத்துக்கொண்டு பள்ளி ஒற்றையாளாக இழுத்த வண்டி அது. பாரத்தை இறக்கிவைப்பதில் குற்றமில்லை. ஆனால் மாற்றிக்கொள்ள அங்கே ஞாயிறு மறைக்கல்விக்குப் பழகிய பங்கு வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா வேண்டும். அது ஒரு சுற்றறிக்கையால் உண்டாகிவிடாது. எங்கள் ஊர்களில் அதற்குத் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன.

குருத்து ஞாயிறுக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் ஓலைச் சிலுவை இருக்கும். இளங்குருத்தை இரண்டாகக் கிழித்து, ஒன்றை நிற்கவைத்து, மற்றதைக் குறுக்கே கொடுத்து, முன்னால் கூம்பாக மடித்துச் செருக வேண்டும். காய்ந்தால் மடிப்பு விட்டுவிடும். நன்னெறி வகுப்புத் தோழி தனக்கும் ஒன்று கேட்டாள். செய்து கொடுத்தேன். அயர்லாந்தில் அதற்கு ஈடானது பிப்ரவரி 1, புனித பிரிஜித் நாள். சதுப்பு நிலத்துக் கோரையைப் பறித்துவந்து, ஒரு தண்டின் மேல் இன்னொன்றை மடித்து மடித்துத் திருப்பிக்கொண்டே போனால் நடுவில் சதுரமும் நான்கு கைகளும் வரும். முனைகளைக் கட்டிவிட்டால் சிலுவை. தங்கை மகள் செய்ததில் ஒரு கை மட்டும் நீளம். அந்தப் படத்தை அனுப்பும்போது கூடவே ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள். அன்றைக்கு மட்டும் அந்த ஆந்திரப் பையன் பின்னால் உட்காரவில்லையாம். அவன் செய்ததுதான் வகுப்பிலேயே நேராக வந்ததாம். டீச்சர் அதைக் கதவுக்கு மேலே மாட்டிவிட்டாராம்.