அந்நியர் கூட்டிய கழகம்: பொலோஞா நகரத்து மாணவர் சங்கங்களின் எழுச்சியும் தளர்ச்சியும்

சர்வகலாசாலை என்றும் பல்கலைக்கழகம் என்றும் நாம் வழங்கும் சொற்கள் இரண்டும், பல கலைகளும் ஓரிடத்தில் பயிலப்படுகின்றன என்னும் கருத்தைத் தம் முகத்திலேயே தாங்கி நிற்பவை. ஆயின் இவற்றிற்கு மூலமான ‘யூனிவர்சிதாஸ்’ என்னும் லத்தீனச் சொல், இடைக்கால ஐரோப்பாவில் கலைகளின் தொகுதியைக் குறித்ததன்று. ஒரு காரியத்தின் பொருட்டு ஒன்றுகூடிப் பிரமாணம் செய்துகொண்ட மனிதரின் தொகுதியையே குறித்தது. தச்சர்க்கும் ஒரு யூனிவர்சிதாஸ் இருக்கலாம், செம்மார்க்கும் இருக்கலாம். ஆதலின் ‘பல்கலை’ என்ற பகுதியில் மூலத்தை விட்டு விலகினும், ‘கழகம்’ என்ற பகுதியில் நம்மவர் உண்மையைத் தொட்டுவிட்டனர் எனலாம். அக்கழகத்தை முதலில் கூட்டியவர் யார் என்ற வினாவிற்கு, வட இத்தாலியின் பொலோஞா நகரைப் பொறுத்தவரை விடை தெளிவானது: கல்வி தேடி அயலிடங்களினின்றும் வந்து, அந்நகரில் குடியுரிமை ஏதுமின்றி வாழ்ந்த மாணவர்களே.

பொலோஞா சர்வகலாசாலை தோன்றிய ஆண்டு 1088 என்பது பிரசித்தம். ஆனால் அவ்வாண்டில் எவரும் அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டவில்லை. 1888-இல் எட்டாம் நூற்றாண்டு விழாக் கொண்டாட வேண்டி, கவி கார்தூச்சியின் தலைமையில் அமைந்த குழு வகுத்துக்கொண்ட கணக்கே அது. உறுதியாகக் கூறத்தக்கது, ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த ரோமானிய தர்மசாஸ்திரத்தை இர்னேரியுஸ் என்பார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விளக்கிவந்தார் என்பதும், 1140-ஐ ஒட்டிக் கிராட்டியன் என்பார் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்த பின்னர் அந்நகரின் கீர்த்தி இருமடங்காயிற்று என்பதுமே. அரசவையிலும் திருச்சபையிலும் உயர்பதவி விரும்பியோர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்து குழுமினர். இவர்கள் பாலகரல்லர், பலர் இருபது வயதைக் கடந்தவர், செல்வக்குடியினர், திருச்சபையின் மானியம் பெற்றவர். இதனைப் பின்வருமிடத்து நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்காலத்து இத்தாலிய நகரங்களில் வெளியூரான் ஒருவனுக்குச் சட்டத்தின் காப்பு அரிது. கொலோன் நகரத்து வணிகன் ஒருவன் கடனைத் தீர்க்காமல் ஓடிவிட்டானென்றால், அவனைக் கண்டும் அறியாத அந்நகரத்து மாணவனின் பொருளைக் கடன் கொடுத்தவன் கைப்பற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஜெர்மானிய மன்னன் பிரெடரிக் பார்பரோசா 1155-இல் பொலோஞாவின் அருகே தங்கியிருந்தபோது, மாணவர் அவனிடம் சென்று, பிறர் கடனைத் தாம் தீர்க்க நேரும் இக்கொடுமையை முறையிட்டனர் என்று பெயரறியாத லத்தீனக் கவி ஒருவர் பாடி வைத்திருக்கிறார். அம்முறையீட்டின் பயனே ‘ஹபிதா’ எனப்படும் சாசனம். அது 1155-இலேயே பிறந்ததா, 1158-இல் ரொன்காலியாவில் கூடிய சபையில் பிறந்ததா என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அதன் கருத்தில் ஐயமில்லை. கல்வியின் பொருட்டுத் தேசாந்தரம் செல்வோர் அச்சமின்றிச் செல்லலாம். பிறர் கடனுக்கு அவரைப் பிணைக்கலாகாது. வழக்கு நேரின் தம் ஆசிரியர் முன்னரோ அவ்வூர் ஆயர் முன்னரோ அதனை நடத்திக்கொள்ளும் உரிமை அவர்க்கே உண்டு.

சாசனம் ஒன்று; அதனை அமல் நடத்தும் வலிமை மற்றொன்று. அரசன் தொலைவில் இருந்தான், நகரத்தாரோ பக்கத்தில் இருந்தனர். எனவே மாணவர் தம் தேசத்தாரோடு கூடித் ‘தேசங்கள்’ என்னும் குழுக்களை அமைத்தனர். அவை காலப்போக்கில் இரு பெருஞ் சங்கங்களாயின. மலைக்கு அப்பாலிருந்து வந்த ஜெர்மானியர், பிரெஞ்சியர், ஸ்பானியர் முதலியோர் ஒன்றிலும், இத்தாலியின் பிற பகுதியினர் மற்றொன்றிலும் சேர்ந்தனர். பொலோஞாவிலேயே பிறந்த மாணவனுக்கு இரண்டிலும் இடமில்லை. நகரத்தின் சட்டமே அவனைக் காத்தமையால் அவனுக்குச் சங்கம் எதற்கு என்பது அக்காலத்தார் கருத்து. ஆசிரியர்க்கும் அங்கத்தினர் உரிமை இல்லை.

இச்சங்கங்களின் தலைவர் மாணவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருக்குக் கீழ்ப்படிவதாக ஆசிரியர் சத்தியம் செய்ய வேண்டும். 1317-ஐ ஒட்டி எழுந்த விதிகளையும் அவற்றைத் தொடர்ந்தவற்றையும் இன்றைய பேராசிரியர் ஒருவர் காணின் நெஞ்சு நடுங்குவார். அனுமதியின்றி ஒரு நாளும் ஆசிரியர் வகுப்பிற்கு வராமலிருத்தல் ஆகாது. ஊரைவிட்டுச் செல்வதாயின் திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். மணியடித்த பின் தாமதித்துத் தொடங்கினும், முடிவு மணிக்கு மேல் நீட்டினும் அபராதம். முறையான வகுப்பொன்றிற்கு ஐவரையேனும் ஈர்க்க இயலாதவர் அன்று வராதவராகவே கருதப்பட்டார். கடினமான பகுதியை இறுதிக்கென ஒத்திவைத்துக் கடந்துவிடாதபடி, இன்ன நாளுக்குள் இன்ன பகுதி முடிதல் வேண்டும் என்றும் வரையறுத்தனர். வீட்டு வாடகையை நிர்ணயிக்க நகரத்தார் சார்பிலும் மாணவர் சார்பிலும் மத்தியஸ்தர் இருந்தனர்.

இதனை ஜனநாயகத்தின் வித்து என்று போற்றுவோர் உளர். எனக்கு அது மிகையாகத் தோன்றுகிறது. ஆசிரியர்க்குக் காணிக்கை அளித்தவர் மாணவர். பணம் கொடுத்தவர் கட்டளையிட்டனர், அவ்வளவே. அவர்தம் மெய்யான ஆயுதம் வேறொன்று: ஊரை விட்டுப் போய்விடுதல். வாடகைக்கு விடுவோரும் ஏடு எழுதுவோரும் உணவு விற்போரும் அவரை நம்பியே பிழைத்தனர். சர்வகலாசாலைக்கெனச் சொந்தக் கட்டடம் இன்மையால் மூட்டை கட்டுவதும் எளிது. 1204-இல் ஒரு கூட்டம் விசென்ஸாவிற்குச் சென்றது. 1222-இல் சென்ற கூட்டத்தால் பதுவா சர்வகலாசாலை தோன்றியது. 1321-இல், ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்ல முயன்ற மாணவனை நகரத்தார் சிரச்சேதம் செய்தபோது, மற்றவர் சியெனாவிற்குப் புறப்பட்டனர்.

இவ்வாயுதத்தை முறியடித்தது தண்டனையன்று, சம்பளம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிமுதல் நகரமே ஆசிரியர்க்கு ஊதியம் அளிக்கத் தொடங்கியது; ஊதியம் தந்தவரிடமே நியமனமும் சென்றது. மாணவரின் தலைவர் பட்டமும் ஆடம்பரமும் நெடுங்காலம் எஞ்சின, அதிகாரம் எஞ்சவில்லை. ஆயினும் வருவோர் குறையவில்லை. 1496-இல் வந்த கோப்பர்னிக்கஸ் ஜெர்மானிய தேசத்துப் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்துச் சட்டம் பயின்றார். 1497 மார்ச் 9 இரவு, ரோகிணி விண்மீனைச் சந்திரன் மறைத்ததை அங்கேதான் கண்டு குறித்தார்.

பதினாறாம் நூற்றாண்டில் மதமும் அரசும் வழியை மறித்தன. ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் 1559-இல் தன் பிரஜைகள் அயல்நாட்டில் கற்றலைத் தடைசெய்தான். விலக்களிக்கப்பட்ட சில இடங்களுள் பொலோஞாவும் ஒன்று. 1564-இல் போப்பாண்டவர், பட்டம் பெறுவோர் கத்தோலிக்க விசுவாசத்தை அறிக்கையிட வேண்டுமென ஆணையிட்டார். அதனால் புராட்டஸ்டண்டு மாணவர், வெனிஸ் ஆட்சியின் நிழலிலிருந்த பதுவாவையே பெரிதும் நாடினர். ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி 1602-இல் வைத்தியப் பட்டம் பெற்றது அங்கேதான்.

பொலோஞாவில் சர்வகலாசாலைக்கென 1563-இல் கட்டப்பட்ட ஆர்க்கிஜின்னாசியோ மாளிகையின் சுவர்களில், மாணவர் விட்டுச்சென்ற ஏறக்குறைய ஆறாயிரம் குலச்சின்னங்களை இன்றும் காணலாம். 1944-இல் குண்டுவீச்சில் சிதைந்த அம்மாளிகையை மீண்டும் எடுத்துக் கட்டினர். கர்தினால் அல்போர்னோஸ் 1364-இல் தம் மரணசாசனத்தின் மூலம் ஸ்பானிய மாணவர்க்கென நிறுவிய கல்லூரியும் அந்நகரிலேயே நிற்கின்றது. ஸ்பெயினிலிருந்து வரும் மாணவர் இன்றும் அதில் தங்கிப் படிக்கின்றனர்.