ஒரே அமிலம், இரு சோதனைகள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பால் சங்கங்களில் கொழுப்பையும் பார்த்துத்தான் விலை. ஹார்மோன்களைக் குலைக்கும் டி.டி.டி. போன்ற பழைய குளோரின் பூச்சிக்கொல்லிகள் குடிகொள்வதும் அதே கொழுப்பில். விலை சொல்லும் கெர்பர் சோதனையும் நஞ்சைத் தேடும் ஆய்வகச் சோதனையும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. கெர்பர் குழாயில் 10.75 மில்லி பாலுக்கு 10 மில்லி கந்தக அமிலம். அமிலம் புரதத்தைக் கரைக்க, கொழுப்பு தப்பி மேலே வந்து நிற்கிறது. ஹெக்சேனில் பிரித்தெடுத்த கொழுப்பின்மேல் ஆய்வகமும் அடர் கந்தக அமிலத்தையே ஊற்றுகிறது. அங்கே அழிவது கொழுப்பு, தப்புவது டி.டி.டி.யும் அதன் சிதைபொருளான டி.டி.இ.யும். முன்னதில் தேடிய பொருள் பின்னதில் இடைஞ்சல். இந்தத் தலைகீழ் உறவை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. எல்லா நஞ்சும் அமிலத்தைத் தாங்கிவிடாது; டைல்ட்ரின் சிதைந்துவிடும். அதற்கு ஃப்ளோரிசில் தூள் நிரப்பிய குழாயே வழி.

நுட்பத்தில் இரண்டும் வெகுதூரம் பிரிகின்றன. சங்கத்துக் குழாய் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். பாலில் டி.டி.டி.க்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த வரம்போ கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், அதாவது 5 கோடியில் ஒரு பங்கு. 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் கண்டறிந்த எலக்ட்ரான் கவர் உணர்கருவி குளோரினை எளிதில் இனங்காண்பதால்தான் இந்த அளவு எட்டுகிறது. இவ்வளவு நுட்பம் வீண் அல்ல: டி.டி.இ. ஆண் ஹார்மோன் ஏற்பியைத் தடுக்கிறது என்பதை 1995இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

சங்கத்தின் விடை சில நிமிடத்தில் கிடைத்துப் பணமாகிறது. ஆய்வகத்தின் விடைக்கு நாளும் செலவும் ஆகும். வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989இலும், எண்டோசல்பானுக்கு 2011இலும் தடை வந்தபின் இந்தச் செலவு எதற்கு என்று கேட்கலாம். டி.டி.டி. மண்ணில் பல்லாண்டு தங்கும். அந்த மண்ணில் விளையும் வைக்கோலையும் சோளத்தட்டையும் மாடு தின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, குறைந்த செலவில் எங்கே தேடுவது என்பது. என் தேர்வு வெண்ணெய். 4 சதவீதக் கொழுப்புள்ள பாலைவிட, 80 சதவீதக் கொழுப்புள்ள வெண்ணெயில் இந்த எச்சம் ஏறக்குறைய 20 மடங்கு திரண்டிருக்கும்; பல ஊர்ப் பாலும் ஒரே மாதிரியில் அடங்கிவிடும். அதில் எச்சம் தென்பட்டால், சங்கம் சங்கமாகப் பின்னோக்கிப் போய், கடைசியில் தீவனத்தைச் சோதிக்கலாம்.