39,72,99,90,29,388 - ஒரு எண்ணின் கதை

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐச் சொல்லி, டாக்ஸி கதையோடு முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கும்பகோணத்துக்காரரின் கணிதத்துக்கு உண்மையான பரீட்சை வைத்த எண் வேறு: 39,72,99,90,29,388. அதாவது 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. படிக்கவே மூச்சு வாங்குகிறதா?

இது எங்கிருந்து வந்தது? நாகப்பட்டினம் பக்கம் ஒரு களத்தில் 4 நெல் மூட்டைகள் கிடக்கின்றன. அவற்றை எத்தனை விதமாகப் பிரித்து அட்டி போடலாம்? ஒரே அட்டியாக 4, அல்லது 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். (எந்த அட்டி முன்னால், எது பின்னால் என்பது கணக்கில் வராது.) 5 மூட்டை என்றால் 7 விதம், 10 மூட்டைக்கு 42, 100 மூட்டைக்கு 19,05,69,292. 200 மூட்டைக்குத்தான் மேலே சொன்ன ராட்சச எண்!

18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்கு ஒரு வழி சொன்னார். சரியான வழிதான். ஆனால் 200-க்கு விடை வேண்டுமென்றால் அதற்கு முந்தைய விடைகளை எல்லாம் வரிசையாகப் போட்டு வர வேண்டும். நேரடியாக விடை தரும் சூத்திரம் கிடையாது.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே ஹார்டியோடு சேர்ந்து அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1918-இல் அது வெளிவந்தது. அதில் பையும் வர்க்கமூலமும் நிறைய வரும். தசமமாகவே வரும் இந்தச் சமாச்சாரங்களைக் கூட்டினால் முழு எண் எப்படிக் கிடைக்கும்?

பீரங்கிப் படை மேஜராக இருந்த மக்மஹோன் பழைய வழியிலேயே, கையால், 200 வரை அட்டவணை போட்டு வைத்திருந்தார். இனி டேலி ஆகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

சூத்திரத்தின் முதல் உறுப்பு மட்டும் எடுத்தால் 36,202 குறைந்தது. இரண்டாவதைச் சேர்த்ததும் 81 அதிகமாகிவிட்டது. மூன்றாவது உறுப்பு மைனஸ், கிட்டத்தட்ட 7 குறைந்தது. நான்காவதில் ஒன்றரைதான் பாக்கி. எட்டு உறுப்புகளையும் கூட்டினால் வந்த விடை 39,72,99,90,29,388.004. தசமத்தைத் தள்ளினால் மேஜர் கையால் போட்ட எண், ஒரு இலக்கம் பிசகாமல்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எட்டோடு நிறுத்தாமல் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொடர் எந்த விடையிலும் நிலைத்து நிற்காது என்று 1937-இல் லேமர் காட்டினார். அதே காலத்தில் ராடமாக்கர் சூத்திரத்தைச் சற்றே மாற்றி, நிலைத்து நிற்கும் தொடராக்கினார். 1920-இல், 32 வயதில் காலமான ராமானுஜன் இதையெல்லாம் பார்க்கவில்லை.

ஆனால் மேஜரின் அட்டவணையில் அவர் இன்னொன்றைப் பார்த்திருந்தார். 4, 9, 14, 19 என்று போகும் இடங்களில் உள்ள விடைகள் எல்லாம் 5-ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. நம் 200 அந்த வரிசையில் இல்லை. அதன் விடையை 5-ஆல் வகுத்தால் 3 மிஞ்சும். பக்கத்து வீட்டு 199 இருக்கிறது.