இராமன் விளைவும் வெள்ளி இடுக்கில் அடைபட்ட ஒளியும்



சர் சி. வி. இராமனைப் பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஓரிடத்திலேயே முடிந்துவிடுகின்றன. 1888-இல் திருச்சியில் பிறந்தார். 1928-இல் இராமன் விளைவைக் கண்டார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பெருமை பேசியாயிற்று, முற்றுப்புள்ளியும் வைத்தாயிற்று. சுவை மிகுந்த வரலாறு அதன் பின்னரே தொடங்குகிறது என்பது என் கருத்து.

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் காணப்பட்டது இதுதான்: ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வெளிவருகிறது. அம்மாற்றம் மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்ததாதலின், அதனை அம்மூலக்கூறின் கைரேகை எனலாம். (இவ்வாய்வில் உடனுழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் பெயரை விட்டெழுதும் கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் அளிப்பதில்லை.) ஆயினும் அக்கைரேகை மிக மங்கலானது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றே அவ்வாறு மாறுகிறது. ஆகவே, மிகச் சிறிதளவே உள்ள பொருளை அதனைக்கொண்டு அறிதல் அரிதாயிருந்தது.

1974-இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குவில்லன் ஆகிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளியின்மீது பிரிடின் என்னும் வேதிப்பொருளை ஒட்டச் செய்து ஆராய்ந்தனர். இராமன் ஒளி வியக்கத்தக்க வலுவுடன் வெளிப்பட்டது. சொரசொரப்பினால் பரப்பு கூடி, மூலக்கூறுகள் மிகுதியாக ஒட்டியமையே காரணம் என அவர்கள் கருதினர். அவ்விளக்கம் போதாதென்று 1977-இல் இரு குழுவினர் தனித்தனியே காட்டினர். பெருக்கம் ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்காயிருக்க, பரப்பு மட்டும் அவ்வளவு கூடிவிடுமா?

விடை வெள்ளியின் எலெக்ட்ரான்களில் இருந்தது. உலோகத்தில் கட்டின்றி உலவும் எலெக்ட்ரான்கள், ஒளி பட்டதும் ஒருமித்து ஊசலாடுகின்றன. அவ்வூசலாட்டமே பரப்புப் பிளாஸ்மான். இரு வெள்ளித் துகள்கள் ஓரிரு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்பின், ஒளியின் ஆற்றல் அவ்விடுக்கில் குவிந்து அடைபடுகிறது. பச்சை ஒளியின் அலைநீளமோ 500 நானோமீட்டருக்கு மேல்! கடலைச் சிமிழில் அடைத்தாற்போன்ற செயல். இடுக்கில் அகப்பட்ட மூலக்கூறின்மீது விழும் ஒளியும் பெருகுகிறது. அது திருப்பியனுப்பும் ஒளியும் பெருகுகிறது. 1997-இல் ஒற்றை மூலக்கூறின் இராமன் ஒளியையே கண்டதாக இரு குழுவினர் அறிவித்தனர்.

இவ்வரலாறு நம் தீவையும் தொடுகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூச்சை ஊதச் செய்து, அதிலுள்ள ஆவிகளை வெள்ளி நுண்துகள்களின்மீது படியவைத்து, இராமன் ஒளியால் கொரோனாத் தொற்றை 5 நிமிடத்திற்குள் கண்டறியும் முறையை 2022-இல் வெளியிட்டனர். சோதனையில் 501 பேர் பங்கேற்றனர். கேலாங்கில் என் வகுப்பு மாணவரிடம் இதனைக் கூறியபோது, பிளாஸ்மானைப் பற்றி எவரும் வினவவில்லை. “அப்படியானால் மூக்கில் குச்சி விட வேண்டாமா, ஐயா?” என்பதே அவர்களின் முதற்கேள்வி.