வாள் வீழ்ந்தது, அறிவு வாழ்ந்தது!

மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் படையெடுத்தான். எகிப்து பணிந்தது, பாரசீகம் சரிந்தது, பஞ்சாப் வரை அவன் படை நடந்தது. கி.மு. 323-இல் பாபிலோனில் அவன் கண் மூடினான். தளபதிகள் பேரரசைக் கூறுபோட்டனர். வாளால் வந்தது வாளாலேயே போயிற்று!

ஆனால் கிரேக்கம் போகவில்லை. ஏன்?

ஆக்சஸ் ஆற்றங்கரையில், இன்றைய ஆப்கானிஸ்தானத்து அய் கானூமில், நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் எழுந்தன. கிளியார்க்கஸ் என்பார் தொலைவிலுள்ள டெல்பியிலிருந்து படியெடுத்து வந்த நன்மொழிகளை அங்கே கல்லில் பொறித்தனர். அசோகனும் கந்தகாரில் தன் அறக்கட்டளையைக் கிரேக்கத்திலும் அராமியத்திலும் வெட்டுவித்தான். வென்றோர் மொழியாக வந்தது, பல நாட்டாரின் பொதுமொழியாயிற்று.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர்கள் நூலகம் கண்டனர். அதன் தலைவர் எரட்டோஸ்தீனிஸ், சையீன் நகரில் நண்பகல் நிழல் விழாத நாளில், அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலை அளந்தார். அக்கோணம் வட்டத்தின் 50-இல் ஒரு பங்கு. இரு நகர்களுக்கிடையேயுள்ள தொலைவை 50-ஆல் பெருக்கினார். உலகின் சுற்றளவையே உரைத்தார்! முன்னோர் சொன்னார் என்று அவர் முடங்கவில்லை, அளந்தார், அறிந்தார்.

போற்றுகிறோம். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு அடிமைக்குத் திறக்கவில்லை. நைல் கரை உழவன் வரி கொடுத்தான். அவ்வரியால் வளர்ந்த நூலகத்தின் ஏடு அவன் கைக்கு எட்டவில்லை. உழைத்தவன் ஒருவன், கற்றவன் வேறொருவன்!

கிரேக்கரிடம் நாம் கொள்ளத்தக்கது, அளந்தறியும் துணிவு. தள்ளத்தக்கது, அடைத்த கதவு. முன்னதை ஏற்று, பின்னதைத் தகர்ப்போம்!